அழித்தால் மார்க் போகுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. கணக்கு என்றாலே ஓடுகிறவர்களும் பாதி வரைக்குமாவது படியுங்கள். இதில் தப்பு செய்தவள் நான்தான் என்பதால் சுவாரஸ்யமாகவே இருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் என் பழைய மாணவி ஒருத்தி மகளைக் கூட்டிக்கொண்டு காலடிப்பேட்டை வீட்டுக்கு வந்தாள். மகள் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம், கம்ப்யூட்டர் சயின்ஸ். வியாழக்கிழமை அல்காரிதம் லேப் தேர்வு.

"டீச்சர், ராத்திரி பூரா அழுதுட்டே இருக்கா. புரோகிராம் ஓட மாட்டேங்குதாம். காலேஜே வேணாம்ன்றா. நீங்க ஒரு வாட்டி பேசிப் பாருங்க."

நான் கணக்கு டீச்சர். ரிட்டயர் ஆன பிறகு பேரனுடைய பிளஸ் டூ புத்தகத்தை வைத்துக்கொண்டு பைத்தான் கொஞ்சம் கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான். இருந்தாலும் பெண் லேப்டாப்பைத் திறந்து காட்டியபோது கணக்கு எது என்று தெரிந்துவிட்டது. என்-குயின்ஸ். அண்ணா பல்கலைக்கழக அல்காரிதம் பாடத்தில் பேக்ட்ராக்கிங் என்ற தலைப்பில் முதலில் வருகிற கணக்கு. சதுரங்கப் பலகையில் ராணிகளை ஒன்றையொன்று வெட்டாமல் நிறுத்த வேண்டும். ஒரே வரிசையில், ஒரே பத்தியில், ஒரே மூலைவிட்டத்தில் இரண்டு ராணிகள் இருக்கக் கூடாது. நாலுக்கு நாலு பலகை என்றால் நாலு ராணி, எட்டுக்கு எட்டு என்றால் எட்டு.

"கோடு மனப்பாடமா தெரியும் டீச்சர் ஆயா. கண்ண மூடிக்கிட்டு எழுதுவேன். ஆனா நாலு ராணிக்கு விடையே இல்லன்னு வருது."

(அம்மாவுக்கு டீச்சர், மகளுக்கு ஆயா. இரண்டையும் சேர்த்து அவளே வைத்த பெயர்.)

நாலு ராணிக்கு இரண்டு விடை உண்டு. இல்லை என்று சொல்கிறது என்றால் எங்கேயோ எதுவோ விட்டுப்போயிருக்கிறது. "முடிஞ்சப்புறம் பலகை எப்படி இருக்குன்னு பிரிண்ட் பண்ணு" என்றேன். பண்ணினாள். முதல் வரிசையில் நாலு ராணிகளும் ரேஷன் கடை க்யூ மாதிரி பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இரண்டாவது வரிசையில் இன்னும் இரண்டு பேர். நாலு பேர் நிற்க வேண்டிய இடத்தில் ஆறு பேர்.

விட்டுப்போனது ஒரே ஒரு வரி. ராணியை வைத்துப் பார்த்து, மேலே வழி இல்லை என்று திரும்பி வரும்போது, வைத்த ராணியை எடுத்துவிட வேண்டும். அந்தக் கட்டத்தை மறுபடி பூஜ்யம் ஆக்குகிற வரி. ரெக்கார்ட் நோட்டில் அது இருக்கிறது. மனப்பாடம் செய்யும்போது விழுந்துவிட்டது.

"ஏன்டி அத விட்டே?"

"ஒண்ணு போட்டுட்டு திரும்ப ஜீரோ போடுறது வேஸ்ட் மாதிரி இருந்துச்சு ஆயா. அதான் மனசுல நிக்கல."

அந்த 'வேஸ்ட்' என்ற சொல்தான் என்னை இந்தப் பதிவு எழுத வைத்தது.

லேப்டாப்பை மூடச் சொன்னேன். பேரன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வாங்கிய சிலேட்டு அலமாரி மேலே இருந்தது. தூசி தட்டி, பலப்பத்தால் நாலுக்கு நாலு கட்டம் போட்டேன். நீங்களும் ஒரு தாளில் போட்டுக்கொண்டு கூடவே வாருங்கள், இரண்டு நிமிஷம்தான்.

முதல் வரிசையில் முதல் கட்டத்தில் ஒரு ராணி. இரண்டாவது வரிசையில் முதல் கட்டமும் இரண்டாவது கட்டமும் ஆகாது, மூன்றாவது ஆகும். வைத்தோம். மூன்றாவது வரிசைக்கு வந்தால் நாலு கட்டமும் அடைபட்டுவிட்டன. முட்டுச்சந்து.

இங்கே என்ன செய்ய வேண்டும்? எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது. கடைசியாக எங்கே வேறு வழி இருந்ததோ அங்கே வரைக்கும் மட்டும் திரும்ப வேண்டும். எங்கள் காலடிப்பேட்டை சந்துகளில் வீடு தேடியவர்களுக்கு இது தெரியும். சந்து முட்டினால் யாரும் மெட்ரோ ஸ்டேஷன் வரைக்கும் திரும்பிப் போய் மறுபடி நடப்பதில்லை. கடைசித் திருப்பத்துக்கு வந்து அடுத்த சந்தைப் பார்ப்போம்.

ஆக இரண்டாவது வரிசை ராணியை மட்டும் அழித்து நாலாவது கட்டத்துக்கு மாற்றினோம். மூன்றாவது வரிசையில் இப்போது இரண்டாவது கட்டம் ஆகிறது. வைத்தோம். நாலாவது வரிசையில் இடம் இல்லை. மூன்றாவது வரிசை ராணியை அழித்தோம், அங்கே வேறு இடம் இல்லை. இரண்டாவது வரிசை ராணியையும் அழித்தோம், அங்கேயும் வேறு இடம் இல்லை. கடைசியில் முதல் ராணியையே அழிக்க வேண்டியதாகிவிட்டது. மூலையில் ராணியை வைத்து ஆரம்பித்தால் நாலுக்கு நாலில் விடையே கிடையாது என்பது இப்போது நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. இது ஊகமில்லை, எல்லா வழியும் பார்த்தாகிவிட்டது.

முதல் ராணியை இரண்டாவது கட்டத்துக்கு நகர்த்தினோம். பிறகு வரிசையாக நாலாவது, முதலாவது, மூன்றாவது கட்டங்கள். மளமளவென்று விழுந்தன. முடிந்தது.

"எத்தன வாட்டி வச்ச?" என்றேன். எண்ணிச் சொன்னாள்: எட்டு. "எத்தன வாட்டி அழிச்ச?" நாலு. நாலு ராணி நிற்பதற்கு நாலு தடவை அழிக்க வேண்டியிருக்கிறது. எட்டுக்கு எட்டுப் பலகையில் இதே முறையில் போனால் முதல் விடை கிடைப்பதற்குள் 113 தடவை வைக்க வேண்டும், 105 தடவை எடுக்க வேண்டும். ராணியை வைக்கிற வரிக்குக் கிட்டத்தட்டச் சமமாக ஓடுகிற வரி, அந்தப் பெண் வேஸ்ட் என்று விட்ட வரிதான்.

அழிப்பதால் எவ்வளவு மிச்சம் ஆகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எட்டு ராணிகளை 64 கட்டங்களில் கண்டபடி வைத்தால் 442 கோடிக்கும் மேலே வகைகள் வரும். வரிசைக்கு ஒன்று என்று வைத்தாலே 1,67,77,216. முட்டியவுடன் திரும்புகிற இந்த முறையில் மொத்தம் 2,056 தடவை ராணியை வைத்துப் பார்த்தால் போதும், இருக்கிற 92 விடைகளும் வந்துவிடும். ஒரு சந்து முட்டு என்று தெரிந்த நிமிஷம், அதற்குப் பின்னால் இருக்கிற லட்சக்கணக்கான வீடுகளைத் தட்டாமலே தள்ளிவிடுகிறோம். இந்தக் கணக்கை 1848இல் மாக்ஸ் பெஸ்ஸல் என்ற ஜெர்மானியர் செஸ் பத்திரிகையில் புதிராகப் போட்டார். கணித மேதை காஸ் 1850இல் முதலில் 76 விடை என்று எழுதினார். அதே வருஷம் ஃபிரான்ஸ் நவுக் என்பவர் 92 என்று சரியாகச் சொன்னார். காஸுக்கே முதல் தடவை சரியாக வரவில்லை என்றதும் பெண்ணின் முகத்தில் கொஞ்சம் தெளிவு.

அப்போதுதான் அவள் அம்மா சிரித்துக்கொண்டே சொன்னாள்: "இவளுக்கு சிலேட்டு குடுத்து அழி அழின்றீங்க. எங்களுக்கு அழிச்சா அரை மார்க் போயிடும் டீச்சர்."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. அவளே ஞாபகப்படுத்தினாள். பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு. 6x² + 19x + 10 என்பதைக் காரணிப்படுத்த வேண்டும். பெருக்கினால் 60, கூட்டினால் 19 வருகிற இரண்டு எண்கள் வேண்டும். அவள் விடைத்தாளிலேயே 6, 10 என்று எழுதி அடித்திருக்கிறாள், 16தான் வருகிறது. 5, 12 எழுதி அடித்திருக்கிறாள், 17. 3, 20 எழுதி அடித்திருக்கிறாள், 23. பிறகு 4, 15. விடை சரி. நான் அரை மார்க் குறைத்து, சிவப்பு மையில் 'அடித்தல் திருத்தல் கூடாது' என்று எழுதியிருக்கிறேன். வகுப்பில் அந்தத் தாளைத் தூக்கிக் காட்டியும் பேசினேனாம்.

அது மட்டும் என்றால் இத்தனை வருஷம் கழித்து நானும் சிரித்திருப்பேன். அவள் அடுத்துச் சொன்னது: "பப்ளிக்ல ஒரு அஞ்சு மார்க் கணக்கு டீச்சர். ரெண்டு ஸ்டெப் போட்டப்புறம் தப்பாப் போகுதுன்னு தெரிஞ்சிடுச்சு. அடிச்சா அசிங்கமாயிடும், திருத்துறவங்க கோச்சுக்குவாங்கன்னு அப்படியே விட்டுட்டு அடுத்த கணக்குக்குப் போயிட்டேன்."

அவள் குறையாகச் சொல்லவில்லை. பழைய கதையாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் காபி இறங்கவில்லை. முட்டுச்சந்தைச் சரியாகக் கண்டுபிடித்த பிள்ளை. ஒரு படி பின்னால் வந்திருந்தால் ஐந்து மார்க். பின்னால் வருவது அசிங்கம் என்று சொல்லிக்கொடுத்தது நான். அவள் மகள் இப்போது அந்த ஒரு வரியை வேஸ்ட் என்கிறாள். நேரடியாக நான் அவளுக்குப் பாடம் எடுக்கவில்லை. ஆனால் என்னைப் போன்றவர்களிடம்தான் பன்னிரண்டு வருஷம் படித்திருக்கிறாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது எனக்குத் தெரியாமல் செய்த தப்பு என்றுகூடத் தப்பிக்க முடியாது. ஒவ்வொரு ஜூன் மாதமும் எங்கள் பள்ளி டைம் டேபிள் போடுகிற வேலை என் தலையில்தான் விழும். பெரிய சார்ட், ஹெச்பி பென்சில், ஒரு டப்பா ரப்பர். வகுப்புகள், டீச்சர்கள், வாரத்துக்கு 40 பீரியட். இதுவும் ராணிக் கணக்குதான்: ஒரு டீச்சர் ஒரே பீரியடில் இரண்டு வகுப்பில் இருக்கக் கூடாது, ஒரே மைதானத்தில் இரண்டு பி.டி. பீரியட் கூடாது. புதன்கிழமை வரைக்கும் அழகாக வந்து, வியாழன் மூன்றாவது பீரியடில் முட்டும். ரப்பரால் தேய்த்துத் தேய்த்து சார்ட் ஓட்டை விழுந்த வருஷம்கூட உண்டு. பேனாவால் போட்டால் என்ன என்று கேட்ட ஹெச்.எம். ஒருவரை நான் முறைத்த முறைப்பு இன்னும் நினைவிருக்கிறது.

அந்த வேலையில் நான் கற்ற ஒரு தந்திரத்தையும் பெண்ணுக்குச் சொன்னேன். யாருக்கு வளைந்துகொடுக்க முடியாதோ அவர்களை முதலில் வை. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வருகிற பகுதிநேரத் தையல் டீச்சர், ஒரே ஒரு லேப், ஒரே ஒரு மைதானம். இவற்றைப் போட்டுவிட்டுத்தான் தமிழ், கணக்கு, இங்கிலீஷ். அப்படிப் போட்டால் முட்டுவது சீக்கிரமே முட்டும், அழிக்க வேண்டியது குறையும். அவள் உடனே, "இது எங்க புக்லயே இருக்கு ஆயா, கன்ஸ்ட்ரெயின்ட் அதிகமா இருக்கறத மொதல்ல எடுக்கணும்னு" என்றாள். புத்தகத்தில் இருப்பது எனக்குத் தெரியாது. தையல் டீச்சர் சொல்லிக்கொடுத்தது.

ஆக, எனக்கு ரப்பர் வேண்டும், பிள்ளைகள் மட்டும் முதல் தடவையிலேயே பேனாவால் சரியாக எழுத வேண்டும். இதுதான் நான் பல வருஷம் நடத்திய பாடம்.

சிலேட்டு என்றதும் எங்கள் பக்கத்து ஆளாக நான் உரிமை கொண்டாடும் ஒருவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. ராயபுரத்தைத் தாண்டித் தெற்கே போனால் துறைமுகம். 1912 மார்ச் 1ஆம் தேதி அங்கே போர்ட் டிரஸ்ட் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார் சீனிவாச ராமானுஜன். காகிதம் வாங்கிக் கட்டுப்படியாகாத நாட்கள் அவருக்கு உண்டு. சிலேட்டில்தான் கணக்குப் போடுவார். துணியை எடுத்துத் துடைக்கக்கூடப் பொறுமை இருக்காது, முழங்கையால் அழிப்பார். அழித்து அழித்து முழங்கை காய்த்துப்போயிருந்தது என்பார்கள். முடிவு கிடைத்தால் அதை மட்டும் நோட்டில் ஏற்றுவார். அவருடைய இரண்டாவது நோட்டின் முதல் அத்தியாயமே மாயச்சதுரம். எந்தப் பக்கம் கூட்டினாலும் ஒரே தொகை வருமே, அதுதான்.

ராமானுஜன் பேக்ட்ராக்கிங் செய்தார் என்று கதை கட்ட வரவில்லை. மாயச்சதுரத்துக்கு அவர் பொதுவான விதிகளைத் தேடினார், ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கவில்லை. நான் சொல்ல வருவது, நாம் இன்று கண்ணாடிப் பெட்டியில் பார்க்கிற அந்த நோட்டு ஃபேர் காப்பி என்பதுதான். ரஃப் வேலை முழுக்க முழங்கையோடு போய்விட்டது. அதனால் வந்த நஷ்டமும் பெரிது. நிரூபணம் இல்லாத அந்த முடிவுகளை ஒவ்வொன்றாக எடுத்து எப்படி வந்தது என்று காட்டுவதற்கு அமெரிக்கப் பேராசிரியர் புரூஸ் பெர்ண்ட் 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகள் எழுத வேண்டியிருந்தது. ராமானுஜன் காகிதத்துக்குக் காசு இல்லாமல் அழித்தார். நம் பிள்ளைகளிடம் காகிதம் இருக்கிறது. அதில் அடித்தது தெரியக் கூடாது என்று நாம்தான் சொல்கிறோம்.

ஒரு சின்ன விஷயம், இடையில் சொல்லிவிடுகிறேன். 'பேக்ட்ராக்' என்ற பெயரை 1950களில் இந்த முறைக்கு வைத்தவர் டி. ஹெச். லெமர் என்ற அமெரிக்கக் கணிதர். ராமானுஜனின் டௌ சார்பு எங்கேயாவது பூஜ்யம் ஆகுமா என்று 1947இல் கேட்டவரும் அதே லெமர்தான். அந்தக் கேள்விக்கு இன்றுவரை விடை கிடைக்கவில்லை. இதைச் சொன்னபோது பெண், "அப்ப அவரும் நம்ம ஏரியாதான்" என்றாள்.

சரி, என் கருத்துக்கு வருகிறேன். பதிவு போட்டதே அதற்குத்தான்.

லேப் தேர்வில் முழு புரோகிராமையும் எழுதச் சொல்வதால் யாருக்கு என்ன லாபம்? மனப்பாடம் செய்தவள் எழுதிவிடுவாள். மனப்பாடமும் வேண்டாம், போனில் ஏ.ஐ.யிடம் கேட்டால் இரண்டு செகண்டில் பிழையில்லாமல் தருகிறது, அந்தப் பூஜ்யம் போடுகிற வரியோடு. அதற்குப் பதிலாக, பாதி நிரம்பிய ஒரு பலகையைக் கொடுங்கள். மூன்று ராணிகள் நிற்கின்றன, அடுத்த வரிசையில் இடமில்லை. இப்போது எந்த ராணி எடுக்கப்படும், அது அடுத்து எந்தக் கட்டத்துக்குப் போகும், ஏன்? அரைப் பக்கம் போதும். அல்லது ஒரு வரி விட்டுப்போன புரோகிராமைக் கொடுத்து, பலகை கடைசியில் எப்படி இருக்கும் என்று வரையச் சொல்லுங்கள். அந்த ஆறு ராணிகளை வரைந்து காட்டுகிற பிள்ளைக்குப் பேக்ட்ராக்கிங் தெரியும்.

பள்ளியிலும் அப்படியே. கணக்குத் தாளில் ரஃப் வேலைக்கு ஓரமாக ஒரு முழம் இடம் விட்டுவிட்டு, அதைத் திரும்பிப் பார்க்காமலே மார்க் போடுகிறோம். 6, 10 ஆகாது, 5, 12 ஆகாது, 3, 20 ஆகாது என்று ஒழுங்காக எழுதி அடித்த பிள்ளைக்கு அதற்கென்றே ஒரு மார்க் இருக்க வேண்டும். ஒழுங்காக என்ற சொல்லைக் கவனியுங்கள். கண்டபடி கிறுக்கி அடிப்பது வேறு. எதைப் பார்த்தாயிற்று, எது பாக்கி என்று தெரிகிற மாதிரி அடிப்பது வேறு. ராணிக் கணக்கில் முட்டியதற்கெல்லாம் முழுப் பலகையையும் கலைப்பவனும் தோற்பான், எதையும் எடுக்க மனசில்லாதவனும் தோற்பான்.

இதைத் தோழி ஒருத்தியிடம் போனில் சொன்னேன். இன்னும் சர்வீஸில் இருப்பவள். "உனக்கென்ன, ரிட்டயர் ஆயிட்ட. கேம்ப்ல ஒரு நாளைக்கு எத்தன பேப்பர் திருத்தணும்னு மறந்துபோச்சா? அடிச்சதையெல்லாம் படிச்சு மார்க் போட எவளுக்கு நேரம்?" என்றாள். நியாயம்தான். வெயில் காலத்தில் ஃபேன் ஓடாத ஹாலில் உட்கார்ந்து நானும் திருத்தியிருக்கிறேன். சுத்தமான தாள் வந்தால் அந்தப் பிள்ளையை வாழ்த்தத் தோன்றும். பப்ளிக் தேர்வில் உடனே மாற்ற முடியாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வகுப்புத் தேர்வில் முடியும். ரெக்கார்ட் நோட்டில் முடியும். அரை மார்க்கைக் குறைக்காமல் இருப்பதற்கு நேரமே தேவையில்லை.

ஞாயிறு ராத்திரி எட்டரை வரைக்கும் அந்தப் பெண் கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஆறுக்கு ஆறு போட்டாள். ஆறுக்கு முதல் விடை வருவதற்கு 31 தடவை வைக்க வேண்டும். கணக்கு வைத்துக்கொண்டு 31 வந்ததும் கத்தினாள். சுடிதார் கையெல்லாம் சிலேட்டுச் சாம்பல். பிறகுதான் லேப்டாப்பைத் திறந்து அந்த வரியைச் சேர்த்தாள். அது ஓடியதைக்கூட அவ்வளவு ஆர்வமாகப் பார்க்கவில்லை.

அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "அட போங்க டீச்சர்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த அரை மார்க்கை இப்போது போட்டுத் தரட்டுமா என்றேன். வட்டியோடு ஐந்தரை என்றாள்.

தேர்வு வியாழக்கிழமை. சிலேட்டை அந்தப் பெண் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். பேரன் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.